ஒட்டியிருக்கிறதா? பிய்த்துப் பார்!



"பி.காம். படிக்கிறவனுக்குப் பெயிண்ட் ஒட்டினால் என்ன, உரிந்தால் என்ன?" என்று வகுப்புத் தோழர்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தக் கட்டுரையில் ஒரு கணக்குப்பிள்ளை வருகிறார், ஒரு சரக்குக் கப்பல் வருகிறது, ஒரு வழக்கு வருகிறது, வணிகச் சட்டப் பாடத்தில் நாம் உருப்போட்ட ஒரு பிரிவும் வருகிறது. நடுவில் ஒரு மாபெரும் தொலைநோக்கியும் கொஞ்சம் தலைமுடித் தைலமும் உண்டு. எனவே பொறுமையாகப் படியுங்கள் :-)

முதலில் ஒரு சின்ன விஷயம். நாம் காசு கொடுத்து வாங்குகிற பொருள்களில் பெரும்பாலானவற்றின் மேலே ஒரு பூச்சு இருக்கிறது. பைக் டேங்கில் பெயிண்ட், தோசைக்கல்லில் நான்-ஸ்டிக், முகம் பார்க்கும் கண்ணாடியின் பின்னால் ரசம். ஒரு காரின் மீதுள்ள அத்தனை அடுக்குப் பெயிண்டையும் சேர்த்தால்கூட சுமார் 0.1 மில்லிமீட்டர்தான் வரும். அந்த மெல்லிய தோல் கீழே உள்ள பொருளோடு ஒட்டியிருக்கும் வரைதான் பொருளுக்கு மதிப்பு. உரிந்துவிட்டால் போச்சு.

எடையைத் தராசு சொல்லும். நீளத்தை அளவுகோல் சொல்லும். பூச்சு எவ்வளவு உறுதியாக ஒட்டியிருக்கிறது என்று சும்மா பார்த்து எப்படிச் சொல்வது? சொல்ல முடியாது. பிய்த்துத்தான் பார்க்க வேண்டும். அதாவது ஒட்டுதலை அளக்க வேண்டுமானால் அதைக் கெடுத்தாக வேண்டும். இந்தச் சங்கடத்தை மனிதர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஆலிவ் எண்ணெய் செய்த வேலை

1902-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு சுரங்கக் கம்பெனி தொடங்கினார்கள். இன்று 3எம் என்று உலகம் அறிந்த நிறுவனம் அதுதான். சாணைக்கல் செய்ய உதவும் குருந்தக்கல் கிடைத்துவிட்டது என்று நம்பித் தோண்டினார்கள். கிடைத்ததோ அதற்கு உதவாத வேறொரு கல். வேறு வழியில்லாமல், வெளியில் கல்தூள் வாங்கி உப்புத்தாள் தயாரிக்கும் தொழிலுக்கு மாறினார்கள்.

உப்புத்தாள் என்பதே ஒட்டுதல் சம்பந்தப்பட்ட சரக்குதான். காகிதத்தின் மேல் பசை, பசையின் மேல் கல்தூள். தூள் நின்றால் வியாபாரம் நிற்கும்.

1907-ல் அங்கே உதவிக் கணக்குப்பிள்ளையாக வேலைக்குச் சேர்ந்தவர் வில்லியம் மெக்நைட். (நம்ம ஆள்!) 1914-ல் அவர் பொறுப்புக்கு வந்த சமயத்தில், உப்புத்தாளைத் தேய்த்தால் தூள் எல்லாம் உதிர்கிறது என்று வாடிக்கையாளர்களிடமிருந்து புகார் மேல் புகார். பசை அதேதான், காகிதமும் அதேதான். பிறகு என்ன கோளாறு? தேடிப் பார்த்தபோது கல்தூளில் எண்ணெய்ப் பசை இருப்பது தெரிந்தது. ஸ்பெயினிலிருந்து கல் ஏற்றி வந்த கப்பலில் ஆலிவ் எண்ணெயும் வந்திருக்கிறது. கடல் கொந்தளிப்பில் எண்ணெய் சிந்திக் கல்மூட்டைகளில் ஊறிவிட்டது. கண்ணுக்குத் தெரியாத அந்த எண்ணெய்ப் படலம் பசைக்கும் கல்லுக்கும் நடுவே புகுந்துகொண்டது. கல்லை வறுத்து எண்ணெயைப் போக்கி ஒருவழியாகச் சமாளித்தார்கள்.

இதிலிருந்து மெக்நைட் கற்ற பாடம்: சரக்கு வாடிக்கையாளர் கைக்குப் போன பிறகு தெரிவதை, நம் கையில் இருக்கும்போதே தெரிந்துகொள்ள வேண்டும். 1916-ல் 500 டாலர் செலவில், சாமான் அறை ஒன்றில் தண்ணீர்த் தொட்டி வைத்துக் கம்பெனியின் முதல் சோதனைக்கூடம் அமைந்தது. உதிர்ந்த சரக்கால் வந்த நஷ்டத்தோடு ஒப்பிட்டால் 500 டாலர் பெரிய தொகையே இல்லை.

பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும்

அந்தச் சோதனைக்கூடத்துக்கு 1921-ல் வேலைக்கு வந்தவர் ரிச்சர்ட் ட்ரூ. பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டவர். நடனக் குழுக்களில் பாஞ்சோ வாசித்துக்கொண்டிருந்தவர். புதிய உப்புத்தாளை எடுத்துக்கொண்டு கார் பெயிண்ட் பட்டறைகளுக்குப் போய் அங்கே சோதித்துப் பார்ப்பது அவர் வேலை.

அந்தக் காலத்தில் காருக்கு இரண்டு வண்ணம் அடிப்பது பெரிய ஃபேஷன். முதல் வண்ணம் காய்ந்ததும் அதன்மேல் காகிதத்தை ஒட்டி மறைத்துவிட்டு இரண்டாவது வண்ணத்தை அடிக்க வேண்டும். பிரச்சினை என்னவென்றால், காகிதத்தைப் பிய்க்கும்போது முதல் வண்ணமும் சேர்ந்து பிய்ந்துகொண்டு வரும். மறுபடியும் முதலிலிருந்து வேலை. பெயிண்டர்கள் திட்டித் தீர்த்ததை ட்ரூ நேரில் கேட்டார். பெயிண்டை விட்டுவிட்டுத் தான் மட்டும் உரிந்து வரும் ஒரு நாடா செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தார்.

சொன்னது சுலபம். நன்றாகப் பிடித்தால் பெயிண்டை இழுக்கும், பிடிக்காவிட்டால் ஓரத்தில் வண்ணம் கசியும். நடுவில் உப்புத்தாள் வேலையைப் போய்ப் பார் என்று மெக்நைட் உத்தரவு போட்டும் ட்ரூ விடவில்லை. 1925-ல் மாஸ்கிங் டேப் வந்தது. இரண்டு அங்குல அகலம். ஆரம்பத்தில் ஓரங்களில் மட்டும் பசை வைத்திருந்தார்களாம். அது கழன்று விழுந்ததும் ஒரு பெயிண்டர், கஞ்சத்தனம் பண்ணாமல் முழுக்கப் பசை போடச் சொல் உன் ஸ்காட்ச் முதலாளியிடம் என்று கத்தினாராம். ஸ்காட்லாந்துக்காரர்கள் கஞ்சர்கள் என்பது அங்கே வழக்கமான கேலி. ஸ்காட்ச் டேப் என்ற பெயரே அப்படி வந்தது என்பார்கள். 1930-ல் அதே ட்ரூ கண்ணாடித்தாளில் பசை தடவி, நாம் செல்லோ டேப் என்று சொல்லும் சரக்கையும் கொண்டுவந்தார்.

பூச்சை உரிக்கக் கூடாது என்பதற்காகப் பிறந்தது டேப். பத்தே வருடத்தில் அதற்கு நேர் எதிரான வேலை கிடைத்தது.

ஒரு பவுனுக்கும் குறைவான அலுமினியம்

பெரிய தொலைநோக்கிகளில் ஒளியைச் சேகரிப்பது குழிந்த கண்ணாடி. 1850-களின் பிற்பகுதியிலிருந்து அதன் முன்பக்கத்தில் வெள்ளி பூசி வந்தார்கள். வெள்ளி காற்றில் கறுத்துப்போகும். "ரசம் போன கண்ணாடி" என்று நாம் சொல்கிற கதைதான். அடிக்கடி சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். தவிர, புற ஊதா ஒளியை வெள்ளி சரியாகப் பிரதிபலிக்காது.

1930-களில் கலிபோர்னியாவின் கால்டெக்கில் இருந்த ஜான் ஸ்ட்ராங் என்ற இயற்பியலாளர் அலுமினியத்தைக் கையில் எடுத்தார். காற்றில்லாத கலத்துக்குள் கண்ணாடியை வைத்து, சூடேறிய டங்ஸ்டன் கம்பியில் அலுமினியத்தை ஆவியாக்கினால், அந்த ஆவி கண்ணாடி மீது மெல்லிய படலமாகப் படியும். அதன் மேற்புறம் காற்று பட்டதும் ஆக்சைடாக மாறி, தனக்குத் தானே கவசம் போட்டுக்கொள்ளும்.

ஆனால் அது கண்ணாடியை விடாமல் பிடித்துக்கொள்ளுமா? அதுதான் கேள்வி. ஆலிவ் எண்ணெய் கதைதான் மறுபடியும். விரல் பட்ட தடம், துடைத்த துணியில் இருந்த பிசுக்கு, காற்றிலிருந்து வந்து படிந்த ஏதோ ஒன்று. எதுவாக இருந்தாலும் படலம் நிற்காது. கண்ணாடி சுத்தமாகிவிட்டதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லவும் முடியாது.

ஸ்ட்ராங் 1935-ல் கண்ணாடிப் பரப்புகளைச் சுத்தம் செய்வது பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அதில் படலத்தைச் சோதிக்க அவர் பயன்படுத்தியது ஸ்காட்ச் டேப். ஒட்டு, இழு, பார். டேப்போடு அலுமினியம் வந்தால் கண்ணாடி சுத்தமாக இல்லை. வராவிட்டால் சரி. மெல்லிய படலங்களின் ஒட்டுதலைச் சோதிக்கும் டேப் சோதனையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தக் கட்டுரையிலிருந்துதான் தொடங்குவார்கள். கடையில் வாங்கிய டேப், அந்தக் காலத்தின் மிகப் பெரிய தொலைநோக்கிகளுக்குப் போகவிருந்த ஒரு தொழில்நுட்பத்துக்குத் தீர்ப்புச் சொன்னது. அதே 1935-ல் மவுண்ட் வில்சனின் 100 அங்குலத் தொலைநோக்கிக்கு வெள்ளி போய் அலுமினியம் வந்தது.

அடுத்தது பாலோமர் மலையின் 200 அங்குலக் கண்ணாடி. சுமார் 14 டன் எடை. 1934-ல் வார்த்து, வருடக்கணக்கில் தேய்த்து, 1947-ல் மலைக்குக் கொண்டுபோனார்கள். அதைச் சுத்தம் செய்ய ஸ்ட்ராங் கேட்டது தலைமுடிக்குப் போடும் வைல்ட்ரூட் கிரீம் ஆயில்! கூட இருந்தவர்கள் ஆடிப்போனார்கள். அவருடைய நியாயம் இதுதான்: என்னவென்றே தெரியாத அழுக்கை எடுப்பது கஷ்டம். தெரிந்த பிசுக்கைத் தடவினால் அது பழைய அழுக்கையும் சேர்த்துக்கொள்ளும், பிறகு இரண்டையும் சேர்த்துத் துடைத்துவிடலாம். 1914-ல் ஒட்டவிடாமல் செய்த எண்ணெய்க்கு இங்கே ஒட்டவைக்கும் வேலை.

அந்தக் கண்ணாடியின் மீதுள்ள அலுமினியம் எவ்வளவு இருக்கும்? நாம் கணக்குப் போடுகிற ஆட்கள்தானே, போட்டுப் பார்ப்போம். விட்டம் 5.08 மீட்டர் என்றால் பரப்பு சுமார் 20 சதுர மீட்டர். படலத்தின் தடிமன் மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், எடை ஐந்தரை கிராம்தான் வருகிறது. ஒரு பவுன் எட்டு கிராம். ஒரு பவுன் கூட இல்லாத அலுமினியத்தை நம்பி 14 டன் கண்ணாடி!

நம் ஜவ்வாது மலையில், காவலூரில், 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கிக்கும் இதே முறையில்தான் அலுமினியப் பூச்சு. பூச்சு மங்கியதும் கண்ணாடியை இறக்கி, சுத்தம் செய்து, மலையிலேயே உள்ள வெற்றிடக் கலத்தில் வைத்துப் புதிதாகப் பூசுகிறார்கள்.

ஊசியும் எடைக்கல்லும்

டேப் சோதனையில் ஒரு குறை உண்டு. டேப்பின் பசையைவிடப் படலம் உறுதியாக ஒட்டியிருந்தால், படலம் ஜெயித்தது என்று மட்டும் தெரியும். எத்தனை மார்க் வித்தியாசத்தில் என்று தெரியாது. இரண்டு நல்ல படலங்களில் எது சிறந்தது என்று டேப்பால் சொல்ல முடியாது.

இதற்கு இங்கிலாந்தைச் சேர்ந்த ஹெவன்ஸ் 1950-ல் ஒரு வழி காட்டினார். மழுங்கிய ஊசிமுனையைப் படலத்தின் மேல் வைத்து, எடையை ஏற்றிக்கொண்டே இழுப்பது. எந்த எடையில் படலம் சுத்தமாக வழித்துக்கொண்டு வருகிறதோ அது ஒரு எண். அதை மாறுநிலை எடை என்று சொல்லலாம். 1960-களின் தொடக்கத்தில் பெஞ்சமின், வீவர் என்ற இருவர் இதே கீறல் சோதனையை வைத்துப் பல உலோகங்களைக் கண்ணாடி மீது சோதித்தார்கள். தங்கம் கண்ணாடியில் பெயருக்குத்தான் ஒட்டுகிறது. ஆக்சிஜனோடு சேரும் ஆசை உள்ள குரோமியம், அலுமினியம் போன்றவை நன்றாகப் பிடிக்கின்றன. எல்லையில் ஒரு ஆக்சைடு அடுக்கு உருவாகி, அது கண்ணாடியையும் உலோகத்தையும் இணைத்துவிடுவதே காரணம். அதனால்தான் இன்றும் கண்ணாடியில் தங்கம் படிய வைக்க வேண்டுமானால் முதலில் மெல்லிதாகக் குரோமியம் பூசுகிறார்கள். வாசலில் தங்கத்தை மட்டும் விட்டால் உள்ளே வராது, குரோமியம் கைபிடித்துக் கூட்டிவர வேண்டும்.

டைட்டானியம் நைட்ரைடு பூசிய, தங்க நிறத்தில் மினுங்கும் டிரில் பிட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த வகைப் பூச்சுகளை இன்றும் கீறல் முறையில்தான் சோதிக்கிறார்கள். முனை மட்டும் வைரத்துக்கு மாறிவிட்டது.

எண் கிடைத்துவிட்டதே, பிரச்சினை தீர்ந்ததா என்றால் இல்லை. அந்த எண் ஒட்டுதலை மட்டுமா சொல்கிறது? படலம் எவ்வளவு கெட்டி, அடிப்பரப்பு எவ்வளவு கெட்டி, முனை எவ்வளவு தேய்ந்தது என எல்லாம் அதில் கலந்திருக்கிறது. தில்லி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. முடித்து அமெரிக்கா சென்ற கே.எல். மிட்டல் இந்த விஷயத்தில் பெரிய பெயர். 1978-ல் ஒட்டுதல் அளவீடு பற்றி அவர் தொகுத்த நூல் வெளியானது. அணுக்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் அடிப்படை ஒட்டுதல் வேறு, சோதனையில் நாம் அளக்கிற நடைமுறை ஒட்டுதல் வேறு என்று பிரித்துக் காட்டியவர் அவர். இரண்டாவது, சோதனைக்குச் சோதனை மாறும். பிற்பாடு அவர் பட்டியலிட்ட சோதனை முறைகளின் எண்ணிக்கை முந்நூறைத் தாண்டியது. ஒரே கேள்விக்கு முந்நூறு விதத்தில் பதில் தேடுகிறார்கள் என்றால், கேள்வி எவ்வளவு வழுக்கலானது என்று பாருங்கள்.

நூறு கட்டமும் ஒரு ஒப்பந்தமும்

தொழிற்சாலைக்கு இந்தத் தத்துவம் எல்லாம் ஆகாது. லாரி வாசலில் நிற்கிறது, சரக்கு ஏற்றலாமா கூடாதா என்று இப்போதே சொல்ல வேண்டும். அங்கே ஜெயித்தது மறுபடியும் டேப்தான், கூடவே ஒரு பிளேடு.

குறுக்குவெட்டுச் சோதனை என்பது இதுதான். பெயிண்டை அடிப்பரப்பு வரைக்கும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் 11 கோடுகள் கீறு. குறுக்கே இன்னொரு 11 கீறு. இப்போது நூறு சின்னக் கட்டங்கள். மேலே டேப் ஒட்டி, அழுத்தித் தேய்த்து, ஒன்றரை நிமிடம் போல விட்டு, சட்டென்று மடக்கி இழு. எத்தனை கட்டம் போயிற்று என்று எண்ணு. அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். டி 3359 என்ற தர நிர்ணயத்தில் ஒன்றுமே போகாவிட்டால் 5பி, 65 சதவீதத்துக்கு மேல் போனால் 0பி. உலகத் தர அமைப்பின் ஐ.எஸ்.ஓ. 2409-ல் கதை தலைகீழ். அங்கே 0 என்றால் மிகச் சிறப்பு, 5 என்றால் படுமோசம். ஏற்றுமதி இறக்குமதி வேலைக்குப் போகும் நண்பர்களே, "பெயிண்ட் ஒட்டுதல் கிரேடு 0" என்று ஒரு கடிதம் வந்தால் எந்தத் தரம் என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்!

இதில் என்னைக் கவர்ந்த விஷயம் ஒன்று உண்டு. டி 3359 சோதனைக்குப் பல காலம் எல்லோரும் நம்பியிருந்த ஒரு குறிப்பிட்ட கம்பெனி டேப்பின் தயாரிப்பு நின்றுபோனது. அதன்பின் 2009-ல் வந்த பதிப்பு, எவ்வளவு பிடிமானம் உள்ள டேப் என்பதை விற்பவரும் வாங்குபவரும் பேசி முடிவு செய்துகொள்ளலாம் என்றது. யோசித்துப் பாருங்கள். அறிவியல் சோதனையின் நடுவே ஒரு ஒப்பந்தம் உட்கார்ந்திருக்கிறது. 5பி என்பது இயற்கையின் அளவு அல்ல. இந்த டேப்பால், இந்த விதத்தில் இழுத்தால், இன்றைக்குப் போகவில்லை என்று இரண்டு தரப்பும் ஏற்றுக்கொண்ட ஒரு வாக்கு. அவ்வளவுதான்.

வாசலில் பாஸ், வெயிலில் ஃபெயில்

அந்த "இன்றைக்கு" என்ற சொல்லில்தான் பணம் இருக்கிறது.

கார் தகட்டின் மேல் முதலில் மின்சாரத்தால் படிய வைக்கும் அடிப்பூச்சு. அதன்மேல் ஸ்ப்ரே பிரைமர். அதன்மேல் வண்ணம். அடிப்பூச்சு துருவைத் தடுப்பதில் கெட்டிக்காரன், ஆனால் வெயில் ஆகாது. வண்ணத்தைத் தாண்டி வரும் புற ஊதாக் கதிரை நடுவில் உள்ள பிரைமர் தடுத்துவிடும். 1980-களிலும் 1990-களின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் ஃபோர்டு கார்கள், டிரக்குகள் சிலவற்றில் பெயிண்ட் தகடு தகடாக உரிந்ததாகப் புகார்கள் கிளம்பின. வழக்குப் போட்டவர்கள் சொன்ன குற்றச்சாட்டு: கம்பெனி நடு அடுக்கான ஸ்ப்ரே பிரைமரை விட்டுவிட்டது, வெயில் வண்ணத்தைக் கடந்து அடிப்பூச்சின் மேற்பரப்பைப் பொடியாக்கிவிட்டது, அதனால் மேலே இருந்ததெல்லாம் கழன்றது. பல இடத்து வழக்குகள் நியூ ஆர்லியன்ஸ் நகரக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒன்று சேர்க்கப்பட்டன. எல்லா உரிமையாளர்களின் சார்பிலும் ஒரே வழக்காக நடத்த அந்த நீதிமன்றம் 1998-ல் அனுமதி மறுத்தது. ஒரு காரின் பெயிண்ட்டுக்காக ஒரு தனி ஆள் எவ்வளவு தூரம் வழக்காட முடியும்?

அந்தக் குற்றச்சாட்டு சொல்வது போன்ற கோளாறு ஒரு காரில் இருந்தால், தொழிற்சாலை வாசலில் டேப் ஒட்டிப் பார்த்திருந்தாலும் பாஸ் ஆகியிருக்கும். ஏனென்றால் அன்றைக்கு அது நன்றாகத்தான் ஒட்டியிருக்கும். கெடுக்கப் போவது இனி வரும் வெயில். இதனால்தான் பெயிண்ட் கம்பெனிகள் மாதிரித் தகடுகளைப் ஃபுளோரிடா வெயிலில் வருடக்கணக்கில் காயவைக்கின்றன. புற ஊதா விளக்கும் ஈரமும் உள்ள பெட்டிகளில் வைத்து வாட்டிவிட்டு, அதன் பிறகும் டேப் ஒட்டிப் பார்க்கின்றன.

இப்போது நம் பாடத்துக்கு வருவோம். 1930-ஆம் வருட சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவில் வாங்குபவனே எச்சரிக்கையாயிரு என்ற தத்துவமும் அதன் விதிவிலக்குகளும் உள்ளன. 17-ஆம் பிரிவு மாதிரி பார்த்து விற்பது பற்றியது. மாதிரியை நியாயமான முறையில் பரிசோதித்தாலும் வெளியே தெரியாத, சரக்கை விற்க முடியாததாக்கும் குறை எதுவும் சரக்கில் இருக்கக் கூடாது என்கிறது அது. பரீட்சைக்கு இதை எழுதும்போது "வெளியே தெரியாத குறை" என்றால் என்ன என்பதற்கு மனதில் ஒரு படம்கூட வராது. உரியப் போகும் பூச்சை நினைத்துக்கொள்ளுங்கள். பளபளவென்று இருக்கும், டேப் ஒட்டினால் 5பி வாங்கும், ஆனால் அடியில் எண்ணெயோ விடுபட்ட அடுக்கோ காத்திருக்கும்.

ஆகவே இதுதான் என் முடிவு. "நன்றாக ஒட்டியிருக்கிறது" என்று யாராவது சான்றிதழ் நீட்டினால் மூன்று கேள்வி கேட்க வேண்டும். எதை வைத்து இழுத்தீர்கள்? எந்தத் தரப்படி எண்ணினீர்கள்? எத்தனை வெயில் மழைக்குப் பிறகு இழுத்தீர்கள்? முதல் இரண்டுக்கும் பதில் தாளிலேயே இருக்கும். மூன்றாவதற்குப் பதில் இல்லாவிட்டால், சரக்கு வாங்கும் நாளைக்கு மட்டும்தான் அந்தச் சான்றிதழ் செல்லுபடியாகும். கொள்முதல் பிரிவில் வேலைக்குப் போகப்போகும் நம்மில் பலருக்கு இது பயன்படும் என்று நம்புகிறேன்.

உங்கள் கருத்துகளைத் தவறாமல் எழுதுங்கள். அடுத்த கட்டுரையில் வேறொரு விஷயத்தோடு சந்திப்போம்.